குடியை விட்ட பிறகு எழுதிய கணக்கு

குடியை நிறுத்திய ஒருவரிடம், குடித்த காலத்தில் அவர் செய்த தவறுகளைக் கேட்டால் பெரும்பாலும் தடையில்லாமல் சொல்லிவிடுவார். அடகுக் கடைக்குப் போன நகை, தலைகுனிந்து வெளியேறிய கல்யாண வீடு, சம்பளம் வீடு வந்து சேராத முதல் தேதி என்று அவை வரிசையாக வரும். கேட்பவரும் அவற்றைக் குடியின் கணக்கில் எழுதிவிட்டு மனிதரை மன்னித்துவிடுவார். குடி நின்ற பிறகும் அவரிடம் தங்கியிருக்கும் குறைகளைச் சொல்லுமாறு கேட்கும்போதுதான் பேச்சு தடைப்படும், ஏனென்றால் அப்போது பழியை ஏற்றுக்கொள்ளப் பாட்டில் இருக்காது. நான் எழுத விரும்புவது இந்த இரண்டாவது வகைக் குறைகளைப் பற்றி. அவற்றைப் பார்க்காமல் விட்டவர்களில் சிலர் மறுபடியும் குடிக்கப் போனதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டும் தொடாமலே வீட்டாரைப் பழையபடி வதைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் குடியின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதில் மற்றவர் கதையிலிருந்து மாறுபட்டது எதுவும் இல்லை. நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவன். ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. ஆல்பேட்டை வழியாகத் தென்பெண்ணை ஆற்றைக் கடந்து முள்ளோடைக்குப் போனால் புதுச்சேரி எல்லை; அங்கே வரி குறைவு என்பதால் அதே சரக்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும். முதலில் சம்பள நாளில் மட்டும் போய்வந்த அந்தச் சாலை, பிறகு சனிக்கிழமைச் சாலையாகி, கடைசியில் தினமும் மாலையில் வண்டியைத் திருப்பும் சாலையாயிற்று. காலையில் கைநடுக்கம் நிற்பதற்கே ஒரு கட்டிங் தேவைப்பட்ட நிலையில் என் மனைவியும் மைத்துனரும் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு செய்தியை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர், வைராக்கியத்தின் பேரில் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இடமும் ஆளும் தெரியாத குழப்பமும், இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணில் தெரிகிற நிலையும் ஏற்படலாம். ‘டெலிரியம் டிரெமன்ஸ்’ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். அதனால்தான் மருத்துவமனையில் நடுக்கத்தையும் வலிப்பையும் கட்டுப்படுத்தும் மருந்துகளும், மூளையைக் காக்கத் தையமின் என்ற பி1 ஊட்டச்சத்தும் கொடுத்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற கட்டணமில்லாத தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். மனத்தைத் திருத்துவதெல்லாம் உடம்பு நிலைப்பட்ட பிறகு செய்ய வேண்டிய வேலை.

உடம்பு தேறிய பிறகு, புதுச்சேரியில் ஒரு தேவாலய வளாகத்தின் பின்னறையில் மாலை நேரங்களில் கூடும் குடிநோயாளிகளின் குழுவுக்கு என்னை அழைத்துப் போனார்கள். பன்னிரண்டு படிகள் என்று சொல்லப்படும் வழியில் நடக்கும் குழு அது. பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் 1935-இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் சந்தித்து, ஒரு குடிநோயாளியின் பேச்சை இன்னொரு குடிநோயாளியால்தான் காதுகொடுத்துக் கேட்க முடியும் என்று கண்டுகொண்டதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற இயக்கம் பிறந்தது. படிகள் 1939-இல் அச்சில் வந்தன. அந்தப் படிகளை முதன்முறை படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மதுவின் முன்னால் நாம் வலுவிழந்தவர்கள் என்று முதல் படி ஒப்புக்கொள்கிறது. மற்றக் குடிநோயாளிகளுக்கு இந்தச் செய்தியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று கடைசிப் படி சொல்கிறது. நடுவில் உள்ள பத்துப் படிகளில் மதுவைப் பற்றிய பேச்சே கிடையாது. நம்மை நாமே அஞ்சாமல் கணக்கெடுப்பது, அதை இன்னொரு மனிதரிடம் சொல்வது, குணக்குறைகள் நீங்கத் தயாராவது, தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்வது, இந்தக் கணக்கெடுப்பைத் தினமும் தொடர்வது என்றுதான் அவை போகின்றன. குடியை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்து வந்த எனக்கு, இவர்கள் ஏன் என் குணத்தைக் கேட்கிறார்கள் என்று அப்போது புரியவில்லை.

இந்தப் படிகளில் கடவுள் பெயர் வருகிறதே என்று தயங்குபவர்களுக்காக ஒன்று. எங்கள் குழுவில் இளமையிலிருந்து பெரியார் வழியில் வந்த ஒருவர் இருக்கிறார். படிகள் சொல்லும் ‘தம்மைவிடப் பெரிய சக்தி’ என்று அவர் கொள்வது அந்த அறையில் கூடியிருக்கும் மனிதர்களை. பல ஆண்டுகளாக அவர் குடிக்காமல் தெளிவோடு இருக்கிறார், அவருடைய நம்பிக்கையை யாரும் கேள்வி கேட்டதில்லை.

கணக்கெடுப்பு என்பது உண்மையிலேயே எழுத்துவேலை. ஒரு தாளை நான்காகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். முதல் கட்டத்தில் யார் மேல் எனக்கு மனக்கசப்பு என்று எழுத வேண்டும். இரண்டாவதில் அதற்கான காரணம். மூன்றாவதில் அது என்னிடம் எதைத் தொட்டது, பணத்தையா, மானத்தையா, பாதுகாப்பையா, உறவையா என்பது. நான்காவதில் அந்த விவகாரத்தில் என் பங்கு. முதல் மூன்று கட்டங்களை எழுதும்போது என் கை நிற்கவே இல்லை. அப்பா காலமான பிறகு வீட்டுப் பங்கில் அண்ணன் என்னை ஏமாற்றிவிட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நான்காவது கட்டம் நாட்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் அதில் எழுதியவை இவை: விலை பேசிய நாளில் நான் போதையில் போனேன், பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், முன்பணத்தில் என் பங்கைக் குடித்தேன், பிறகு போகும் கல்யாணத்துக்கெல்லாம் அண்ணனின் பெயரைக் கெடுத்துப் பேசினேன். அண்ணன் முழு நியாயத்தோடு நடந்தார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய பங்கை எழுத வேண்டியவர் அவர். என் தாளில் அதற்கு இடம் கிடையாது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அந்த விவகாரம் என் தூக்கத்தைக் கெடுப்பதை நிறுத்தியது.

இந்தத் தாளை எழுதப் போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம். நான்காவது கட்டத்தில் இன்னொருவர் பெயர் வந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ‘அதிகாரி எல்லார் முன்பும் அப்படிப் பேசியதால் எனக்குக் கோபம் வந்தது’ என்பது அதிகாரியைப் பற்றிய வாக்கியம்; ‘முடிக்க வேண்டிய கோப்பை முடிக்காமல், கேட்டபோது பொய் சொன்னேன்’ என்பதுதான் என் பங்கு. அடுத்தது, குணப் பெயர்களை எழுதி நிறுத்திக்கொள்ளக் கூடாது. நான் முன்கோபி, நான் சுயநலக்காரன் என்று எழுதுவது எளிது, அவற்றால் யாருக்கும் வலிப்பதில்லை. கணக்குப் புரியவில்லை என்று மகன் வந்து நின்றபோது நோட்டைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன் என்று எழுதும்போதுதான் கை நடுங்குகிறது, அதை எழுதினால்தான் பயன். மூன்றாவது, நல்லவற்றையும் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் இருப்பெடுக்கும் மளிகைக் கடைக்காரர் வண்டு விழுந்த பருப்பை மட்டும் எண்ணிவிட்டுக் கடையை மூடுவதில்லை. எது விற்கும், எதைத் தள்ள வேண்டும் என்று இரண்டையும் தெரிந்துகொள்ளத்தான் இருப்பெடுக்கிறார். நான் எவருடைய பணத்தையும் அலுவலகத்தில் தொட்டதில்லை, அம்மாவைக் கடைசிவரை கவனித்தேன் என்பவையும் என் தாளில் இருந்தன. ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்ற புலம்பலைக் கணக்கெடுப்பு என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். அந்தப் புலம்பலோடுதான் நான் ஆண்டுக்கணக்கில் குடித்தேன். அதில் உண்மையைவிடச் சோம்பல் அதிகம்.

எழுதியதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த படி. நான் சொன்னது நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வரும், ஆலை வேலையில் ஓய்வுபெற்ற ஒரு மூத்த உறுப்பினரிடம். மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து, கூட்டம் கலையும் நேரம் வரை படித்துக் காட்டினேன். அவர் எதையும் கண்டிக்கவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, “தம்பி, நீ எழுதினதுல எல்லா இடத்துலயும் ஒரே ஆள்தான் இருக்காரு. யாருமே தன்னை மதிக்கலைன்னு நெனைச்சிட்டு அலையற ஆள்” என்றார். அண்ணன், அதிகாரி, மாமனார், மனைவி என்று இருபது பேர் மேல் இருபது தனித்தனி வழக்குகள் இருப்பதாக நான் நினைத்திருந்தேன். மதிக்கப்பட வேண்டும் என்ற ஒரே பசிதான் எல்லா வழக்கிலும் வாதியாக நின்றிருக்கிறது. எழுதிய எனக்குத் தெரியாதது, கேட்ட அவருக்கு ஒரே மாலையில் தெரிந்தது. தன் குறையைத் தானே முழுவதும் கண்டுவிட முடியும் என்று நம்புகிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கேட்பவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்: நம் குற்றத்தால் நேரடியாகப் புண்பட்டவரிடம் முதலில் கொட்டக் கூடாது, அது அவர் மேல் இன்னொரு சுமை, வாய் தாங்காதவரிடம் சொல்லக் கூடாது, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள்’ என்று விரைந்து தேற்றிவிடுபவரும் இதற்குப் பயன்படமாட்டார்.

அந்தப் பசி குடியோடு போய்விடவில்லை. தெளிவு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகு குழுவின் செயலாளர் பொறுப்பு எனக்கு வந்தது. அறைச் சாவி என்னிடம், யார் முதலில் பேசுவது என்பது என் கையில், புதிதாக வருபவர்களின் வீட்டார் என் கைப்பேசிக்கே அழைத்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தொண்டு. உள்ளே, இத்தனை பேர் என்னால் மீண்டார்கள் என்று நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். துறைமுகத்தில் படகு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், நன்றாக இருந்தவர், ஒரு திருவிழாவின்போது மறுபடியும் குடித்துவிட்டு வந்தார். நான் அவரிடம் மிகவும் கடுமையாகப் பேசினேன். அந்தக் கடுமை அவருடைய நன்மைக்காக என்று அப்போது உறுதியாக நம்பினேன். அவர் வருவதை நிறுத்திவிட்டார். மாதங்கள் கழித்து, வேறோர் உறுப்பினர் அவர் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசி அழைத்து வந்தார். அவர் திரும்பி வந்ததில் மகிழ்வதற்கு முன்பாக, அழைத்து வந்தது நான் இல்லையே என்ற உறுத்தல் எனக்குள் எழுந்தது. அந்த உறுத்தல்தான் எனக்கு உண்மையைக் காட்டியது. இன்னும் துன்பப்படும் குடிநோயாளிக்கு உதவுவது என்பதே குழுவின் ஒரே நோக்கம். அந்த இளைஞர் குடித்துவிட்டு வந்த நாளில் என் நோக்கம் என் நற்பெயராக மாறியிருந்தது. அவர் என் கணக்கைக் கெடுத்தார் என்பதற்காகத்தான் நான் கோபப்பட்டேன்.

நோக்கம் நம்மை அறியாமல் மாறும்போது சில அடையாளங்கள் முன்கூட்டியே தெரிகின்றன என்பதை அதன் பிறகு கவனித்தேன். பிறர் நம்மை விட்டு இன்னொருவருக்கு நன்றி சொல்லும்போது நம் முகம் இறுகும். நம்முடைய பழைய கதையைச் சொல்லும்போது எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் கண் கலங்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் நிறுத்துவோம். வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் பதில் வாயில் வந்து நிற்கும். நம்மிடம் கேட்காமல் எடுத்த நல்ல முடிவுகூடக் கசக்கும். இவற்றில் ஏதாவது ஒன்று தென்பட்டால் அன்றைக்கே என் மூத்தவரிடம் பேசிவிடுவது வழக்கமாகிவிட்டது. எங்கள் பொறுப்புகள் சுழற்சி முறையில் மாறுபவை என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பது, சாவியை அடுத்தவரிடம் கொடுத்தபோது என் கை தயங்கியதிலிருந்தே தெரிந்தது.

தனிமனிதருக்கு நேர்வது குழுவுக்கும் நேரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிருக்குப் போராடியவர்களில் சிலர் ஜிப்மருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், பிறகு உயிரைக் குடிக்கும். செய்தியைப் பார்த்த அன்று எங்களில் யாருக்கும் உணவு இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தில், மதுவிலக்குக் கோரி நடக்கும் போராட்டத்தில் நம் குழு பதாகையோடு கலந்துகொள்ள வேண்டும் என்று நானே எழுந்து பேசினேன். குடியின் கொடுமையை உடம்பால் அறிந்த நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது என்று கேட்டேன், பலர் தலையசைத்தார்கள். என் மூத்தவர் மட்டும் எதிர்த்தார். அவர் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று. எங்கள் அறையில் கள்ளுக்கடை ஏலம் எடுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவரும் குடிநோயாளி. நாளை நாம் பதாகை பிடித்தால் அவர் இந்தப் படியேறி வருவாரா என்று மூத்தவர் கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை, நானும் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு வரலாற்றிலும் சான்று இருக்கிறது. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து, ஒருவருக்கொருவர் துணையாக இருந்து குடியை விடுவது என்று தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தது. ஆனால் குடிநோயாளிகளைவிட மற்றவர்கள் அதில் பெருகினார்கள். மதுவிலக்குச் சட்டம், அரசியல், மேடைப் புகழ் என்று அதன் கவனம் பல பக்கம் சிதறியது. பத்தாண்டு முடிவதற்குள் அந்த இயக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் கெட்டவற்றின் பின்னால் போய்ச் சிதையவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவர்கள் கையில் எடுத்த வேலைகளில் பலவும் நல்ல வேலைகளே, ஆனால் அவர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை அவற்றுக்கிடையே காணாமல் போயிற்று. நூறாண்டுக்குப் பிறகு வந்தவர்கள் அதைப் படிப்பினையாகக் கொண்டு, பொது விவகாரங்களில் குழு கருத்துச் சொல்வதில்லை, ஒவ்வொரு குழுவுக்கும் முதன்மை நோக்கம் ஒன்றே என்று வகுத்து, 1950-இல் முறைப்படி ஏற்றார்கள். எங்கள் அறையில் அன்று எடுத்த முடிவும் அதுதான்: குடிமகனாக யாரும் எந்தப் போராட்டத்துக்கும் போகலாம், குழுவின் பெயர் வெளியே வராது. நான் என் சொந்தப் பெயரில் போனேன். அன்று நான் எழுந்து பேசியதில் இறந்தவர்களுக்கான துயரம் எவ்வளவு, பதாகையின் முன்வரிசையில் நிற்கும் ஆசை எவ்வளவு என்று இரவில் எழுதிப் பார்த்தேன், இரண்டும் இருந்தன.

பண விஷயத்திலும் இப்படியே. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் எங்களுக்குச் சொந்தமாக ஒரு கூடம் கட்டித் தர முன்வந்தார், வாசலில் அவர் பெயர்ப் பலகை இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மழை பெய்தால் ஒழுகும் பின்னறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது சிறிய ஆசையாக இல்லை. மறுத்துவிட்டோம். 1938-இல் இயக்கத்தின் முன்னோடிகள் அமெரிக்கப் பெருஞ்செல்வர் ராக்ஃபெல்லரிடம் பெருந்தொகை எதிர்பார்த்துப் போனபோது, அவர் 5,000 டாலர் மட்டும் ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் பணம் இந்த வேலையைக் கெடுத்துவிடும் என்று கருதினார். எங்கள் செலவுக்குக் கூட்டத்தில் சுற்றி வரும் பையில் விழும் பத்து, இருபது ரூபாய்களே போதுமானதாக இருக்கின்றன: அறை வாடகை, தேநீர், புதியவர்களுக்குக் கொடுக்கும் சிறு வெளியீடுகள்.

இனி தினசரிக் கணக்கு. படுக்கப் போவதற்கு முன் ஒரு சிறு நோட்டில் எழுதுகிறேன், அதிகம் போனால் அரைப் பக்கம். இன்று யாரிடம் குரல் உயர்ந்தது, எதை மறைத்தேன், எதற்குப் பயந்தேன், யாருக்குக் கடன்பட்டேன், செய்த உதவியில் எவ்வளவு எனக்காகச் செய்தது என்பவையே கேள்விகள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்றாவது முற்றியிருக்கும்போதுதான் பழைய குணம் தலைதூக்குகிறது என்பது குழுவில் எல்லாரும் சொல்வது; என் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினால் எனக்குக் களைப்பும் பசியும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் மாலையில் வேலை முடிந்ததும் எதையாவது சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவது என்று வைத்துக்கொண்டேன். ஆன்மிகமாகத் தோன்றாத இந்தச் சிறிய ஏற்பாடு, எத்தனையோ தீர்மானங்களைவிட அதிகமாக எங்கள் வீட்டில் சண்டைகளைக் குறைத்திருக்கிறது. நோட்டில் தவறு தெரிந்தால் மறுநாள் காலையிலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும், இரண்டு நாள் தள்ளிப்போட்டால் மனம் அதற்கு நியாயம் தேடத் தொடங்கிவிடும். சொல்லும்போது ‘ஆனால்’ என்று தொடரக் கூடாது. “நேத்து உன்கிட்ட கத்தினது தப்பு” என்பதோடு நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்பதும் ஈடுசெய்வதும் வெவ்வேறு. குடித்த காலத்தில் மனைவியிடம் நூறு முறை மன்னிப்புக் கேட்டிருப்பேன், அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மதிப்பே இல்லாமல் போயிருந்தது. அவருடைய அம்மா வீட்டுச் சங்கிலி அடகில் மூழ்கிப்போனது பற்றி நான் பேசத் தொடங்கியபோது, “அதைப் பத்திப் பேசாதீங்க, முடிஞ்சா செய்யுங்க” என்று மட்டும் சொன்னார். மாதா மாதம் சம்பளத்தில் ஒரு தொகையை அவருடைய கணக்கிலேயே போட்டு வந்தேன். சேர்ந்த பிறகு அதை என்ன செய்வது என்று முடிவு செய்தது அவர்; சங்கிலி வாங்கவில்லை, தையல் இயந்திரம் வாங்கினார். அதே சங்கிலியை வாங்கி என் கையால் அவர் கழுத்தில் போட வேண்டும் என்று நான் மனத்துக்குள் வைத்திருந்த காட்சி நடக்கவில்லை. அந்தக் காட்சியில் நாயகன் நானாக இருந்தேன் என்பது அவர் இயந்திரத்தோடு வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. அவர் இப்போது குடிநோயாளிகளின் குடும்பத்தார் கூடும் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே என்ன பேசுகிறார் என்று நான் கேட்பதில்லை. சிலருக்கு ஈடுசெய்யப் போவதே தீங்காக முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் மனச்சுமையை இறக்குவதற்காக இன்னொருவர் குடும்பத்தின் அமைதியைக் கலைக்க நமக்கு உரிமையில்லை. அப்படிப்பட்டவற்றை நான் மூத்தவரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மகனிடம் இன்னும் கணக்கு முடியவில்லை. அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். வாரம் ஒருமுறை அம்மாவிடம் பேசுவான், என்னிடம் நலம் விசாரிப்பதோடு சரி. தெளிவு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவன் என்னை ஏற்கவில்லையே என்று தொடக்கத்தில் வருந்தினேன், ஒருமுறை அதை அவனிடமே குறையாகச் சொல்லவும் செய்தேன். அதைக் கேட்ட மூத்தவர், மன்னிப்பை வட்டியோடு வசூலிக்கப் போயிருக்கிறாய் என்றார். மதிக்கப்பட வேண்டும் என்ற அதே பசி, இந்த முறை மகனிடம் கை நீட்டியிருந்தது. இப்போது நான் செய்வது மிகக் குறைவு. அவனுக்கு யோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன். அவன் அழைத்தால் அவன் வேலையைப் பற்றிக் கேட்கிறேன், அவன் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன், என் குடியைப் பற்றியோ என் தெளிவைப் பற்றியோ நானாகப் பேச்செடுப்பதில்லை. சென்ற தீபாவளிக்கு வந்திருந்தபோது, மாத வருமானத்துக்குள் வீட்டுக் கடன் வாங்கினால் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போடத் தாளோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் கேட்ட கணக்கை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.